முப்பதுக்கு முப்பது

"நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க யுவராஜ். பக்கத்துல யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

"தனியாத்தானுங்க இருக்கேன் மேடம். தொண்ணூத்தி மூணு... எம்பத்தி ஆறு... எழுபத்தி ஒம்போது..."

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த சேலம் ஆஸ்பத்திரி ஆய்வுப் பணியாளர் சரண்யா, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். யுவராஜின் ஊருக்குப் போகும் நாகலூர் ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. ஆளை நேரில் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் விதி. ஆனால் இந்தச் சோதனைக்கான ஆறு மாதக் கெடு இன்றோடு முடிகிறது.

யுவராஜ் காப்பி எஸ்டேட்டில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுபவன். வெட்டிய ஈரக் கிளை கரண்ட் கம்பியில் சாய்ந்து, மின்சாரம் தாக்கி அவன் இதயம் நின்றுபோனது. சேலத்து ஆஸ்பத்திரியில் அது மறுபடி துடித்தபோது, மூளை எவ்வளவு மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. செனான் என்ற வாயுவை ஒரு நாள் முழுக்க மூச்சோடு கொடுத்தார்கள். அது மூளையைக் காக்குமா என்பதுதான் ஆய்வு.

மகனுக்காகக் கையெழுத்துப் போட்ட சித்தன் அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இது பலிச்சா எல்லா ஆஸ்பத்திரிக்கும் வருங்களா?"

சரண்யாவின் பட்டியலில் பதினோரு பேர். ஆறு பேர் இறந்துவிட்டார்கள். நான்கு பேருக்குப் பெற்ற தாயையே அடையாளம் தெரியவில்லை. மீதி இருப்பது யுவராஜ். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று அவனுக்குக் குரலே எழும்பவில்லை. கண் மட்டும் சிரித்தது.

"குரல் ஏன் இப்படிக் கரகரன்னு இருக்கு?"

"நாலு நாளா விடாத மழைங்க. தொண்டை கட்டிப்போச்சு."

"சரி, பொறந்த தேதி?"

"ரெண்டாயிரத்து ஒண்ணு, நவம்பர் ஒம்போது. வெள்ளிக்கிழமை விடியக்காலம். நொம்பப் பேய்மழைங்க. ஜீப்பு கெடைக்காம, கம்பளியில சுத்தி மார்போட அணைச்சுத் தூக்கிக்கிட்டு..."

சரண்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொறந்த அன்னிக்குப் பேஞ்ச மழை கூடவா ஞாபகம் இருக்கு?"

அந்தப் பக்கம் ஒரு இருமல். "ஊட்டுல சொல்லிக்கிட்டே இருப்பாங்க மேடம்."

"கடைசிக் கேள்வி. மொதல்ல மூணு வார்த்தை சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"குடை, எலுமிச்சை, சாவி."

சரண்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்க்க, சரண்யா போனில் சொன்னாள்: "முப்பதுக்கு முப்பது யுவராஜ்! ஸ்கூல்ல கூட இவ்வளவு வாங்கியிருக்க மாட்டீங்க."

"வாங்குனதில்லீங்க" என்றது குரல். "அப்ப, அந்தக் காத்து பலிச்சுதுன்னு எழுதிக்குவீங்களா? இனி மத்தவங்க புள்ளைங்களுக்கும் குடுப்பாங்களா?"

"ஒருத்தரை மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க. ஆனா ஒருத்தராவது இப்படி எந்திரிச்சு வந்தாத்தான் ஆய்வை நிறுத்தாம நடத்துவாங்க."

"அப்ப எழுதிக்குங்க மேடம். நல்லா அழுத்தி எழுதிக்குங்க."

"அப்பா எப்படி இருக்காரு?"



"இருக்காருங்க."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மடியில் ஃபைலை விரித்து 'முழு நலம்' என்று எழுதினாள் சரண்யா. ஆறு மாதத்தில் அவள் அந்த வார்த்தைகளை எழுதுவது இதுவே முதல் தடவை.

அந்தப் பக்கம் போனை அணைக்காமல் எங்கோ கீழே வைத்திருக்க வேண்டும். தகரக் கூரையில் மழை கொட்டுவது கேட்டது. கதவு திறந்தது. பிறகு யுவராஜின் அம்மா சென்னம்மாளின் உடைந்த குரல்.

"ஏனுங்க, போன மாசம் பொதச்ச நம்ம பையனாட்டம் எதுக்குங்க பேசுனீங்க?"