இடது கையில் வாங்கிய கோப்பை

வடிவு கோப்பையை இடது கையால் வாங்கியதும் மேடைக்குக் கீழே முணுமுணுப்பு எழுந்தது. தொடர்ந்து பரிசு வாங்கியதில் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஒருத்தி சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

தலைக்கனமாவது ஒன்றாவது. சால்வைக்குள் ஒளிந்திருந்த வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. முந்தாநாள் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது. அந்தக் கையைப் பார்த்தால், குழம்பை யார் வைத்தது என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்டுவிடும்.

கோடை விழாவில் மலர்க் கண்காட்சிக்கும் ஒயிலாட்டத்துக்கும் நடுவே ஒரு நாள் சமையல் போட்டி உண்டு. மலையில் விளைந்ததை வைத்து வீட்டுப் பெண்கள் தங்கள் கையாலேயே சமைத்துக் கொண்டுவர வேண்டும். ஹோட்டல், மெஸ் நடத்துகிறவர்களுக்கு இடமில்லை. மற்ற நாளெல்லாம் மோமோஸ் கடையை மொய்க்கிற வெளியூர்க் கூட்டம் அன்றைக்கு மட்டும் உள்ளூர்ச் சாப்பாட்டைத் தேடி வரும். நாயுடுபுரத்து வடிவுக்குத்தான் போன நாலு வருஷமும் முதல் பரிசு.

இந்த வருஷம் பேசாமல் விலகியிருக்கலாம். மகன் குகன், தன் மனைவி ஷர்மிளாவைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடேன் என்றுகூடக் கேட்டான். மருமகளை அடுப்படிப் பக்கம் அண்டவிடாத வடிவு, "அவ வெந்நி வச்சாலே அடிபிடிக்கும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

ஷர்மிளா மறுபேச்சுப் பேசுகிறவள் இல்லை. வெள்ளனே எழுந்து தையல் வகுப்புக்குப் போனால் பத்து மணிக்குத்தான் வீடு திரும்புவாள். வருஷம் ஒன்றாகியும் ஒரு ஜாக்கெட் தைத்துக் காட்டவில்லையே என்பது வடிவின் தீராத குறை.

இன்று காலை மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, தெரிந்தவர் யார் கண்ணிலும் படாமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பாப்பம்மாள் மெஸ்ஸுக்குப் போனாள் வடிவு. வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாகக் கல்லாவில் இருந்த பாப்பம்மாளிடமே கூசாமல் புளுகி, தூக்குவாளி நிறைய பட்டர் பீன்ஸ் மலைப்பூண்டுக் குழம்பு வாங்கி வந்தாள். அதைத் தன் மண்சட்டிக்கு மாற்றிக் கொத்தமல்லி தூவியதுதான் அவள் செய்த சமையல்.

மதுரையிலிருந்து வந்திருந்த நடுவர் சும்மா விடுவதாக இல்லை. இப்படி ஒரு குழம்பைத் தன் ஆயுசில் சாப்பிட்டதில்லை என்றார். பூண்டு கரையாமலும் காரல் இல்லாமலும் எப்படி இந்தப் பதத்துக்கு வெந்தது, அந்த ரகசியத்தை ஊருக்குச் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்.

வடிவு மைக்குப் பக்கம் குனிந்தாள். "மனசு வச்சுச் செஞ்சா தானா வந்துருங்க" என்றாள். கூட்டம் ஆர்ப்பரித்தது, குகன் விசிலடித்தான், பக்கத்தில் ஷர்மிளா முகம் மலரக் கைதட்டினாள்.

அப்போதுதான் முதல் வரிசையில் பாப்பம்மாள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கையில், ருசி பார்க்கக் கொடுத்த தொன்னை. விரலை நக்கிவிட்டு மேடையை நிமிர்ந்து பார்த்தாள்.

பாப்பம்மாள் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை வருஷப் பேரும் சந்தி சிரித்துவிடும்.

பாப்பம்மாளோ மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள். அதுதான் வடிவைக் கொன்றது. வைதிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். கூனிக் குறுகி மேடையை விட்டு இறங்கியவள், நேராகப் போய்ப் பாப்பம்மாளைப் பூந்தொட்டி வரிசைக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"அக்கா, இது நான் வச்ச குழம்பு இல்ல. உங்களுக்கே தெரியும். வெக்கமா கெடக்கு. இத நீங்க வாங்கிக்கங்க" என்று கோப்பையை நீட்டினாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாப்பம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தான் வாங்கினால் அதுவும் திருட்டுதான் என்றாள். மூட்டுவலி வந்ததிலிருந்து அவள் கல்லாவோடு சரியாம். போன கோடையிலிருந்து அடுப்புக்கு முன்னால் நின்றதே இல்லையாம். சமையலுக்கு ஒரு பெண் வருகிறாள், மெஸ்ஸில் இத்தனை கூட்டம் அலைமோதுவது அவளால்தான் என்றாள்.

"அப்ப அந்தப் பொண்ணக் காட்டுங்கக்கா. இத அவ கையில குடுத்துட்டு, மேடையில ஏறி உண்மையச் சொல்லிர்றேன். இல்லேன்னா இன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது."

பாப்பம்மாள் தயங்கினாள். வீட்டுக்குத் தெரியவே கூடாது என்று அந்தப் பெண் சத்தியம் வாங்கியிருக்கிறாளாம். தெரிந்தால் அந்த நாலு மணி நேரச் சமையலும் அவளுக்கு இல்லாமல் போய்விடுமாம்.

வடிவு விடவில்லை. இப்படி ஒரு கைப்பக்குவத்தைப் பொத்தி வைக்கச் சொல்கிற வீடும் ஒரு வீடா என்று கோபப்பட்டாள். அந்தப் பெண் யாராக இருந்தாலும் காலில் விழவும் தயார் என்றாள். அப்படிச் சொன்ன பிறகு மனசு கொஞ்சம் லேசானது போலக்கூட இருந்தது.

பாப்பம்மாள் கூட்டத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒம் மருமகதான், வடிவு."