மூன்றாவது கையெழுத்து

“நம்ம வீட்டுல எத்தனை கையெழுத்து?” என்று காலையில் மணிமாறன் கேட்டிருந்தான்.

“ரெண்டு” என்றாள் அவன் மனைவி பழனியம்மாள்.

“மூணு. லிஸ்ட்டுல பவித்ரா பேரும் இருக்குல்ல?”

கிராம சபைப் பந்தலில் பின்வரிசைப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோதும் அவளுக்கு அதே நினைப்புத்தான்.

ஊரைத் திண்டுக்கல் மாநகராட்சியோடு சேர்க்கக் கூடாது என்று இன்று தீர்மானம் போட்டாக வேண்டும். சேர்த்துவிட்டால் வீட்டு வரி நாலு மடங்கு ஏறிவிடும், நூறு நாள் வேலையும் நின்றுபோகும் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த வேலைக்குத்தான் பழனியம்மாளும் போய்க்கொண்டிருந்தாள்.

மணிமாறன் ஒரு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தான்.

தீர்மானம் செல்லுபடியாக, வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களில் நூறு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் முகூர்த்த நாள். பாதிச் சனம் பூப்பறிக்கப் போய்விட்டது.

ஒரு மணிக்கு நோட்டை மூடும்போது தொண்ணூற்றொன்பது.

“எங்க ஆட்டுக்கும் இந்த ஊருதான் தாயி, அதையும் சேத்துக்கங்க” என்றாள் ஒச்சம்மாள். பந்தலே சிரித்தது.

அதிகாரி நசீம் பானுவும் சிரித்தார். மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. பட்டியலில் விரலை ஓட்டியவர், ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“மணிமாறன் வீட்டுல பவித்ரான்னு இருக்கே, வயசு இருபத்தஞ்சு. அவங்க வரலையா?”

சிரிப்பு நின்றது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பின்னாடி உட்காந்திருக்கு மேடம்” என்றான் மணிமாறன். நோட்டை வாங்கி வந்து பழனியம்மாளின் மடியில் வைத்தான். பேனாவை நீட்டினான்.

“போட்டுரு மதினி, யாருக்குத் தெரியப் போகுது” என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

மகளின் கையெழுத்து அவளுக்குத் தெரியும். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, அடியில் ஒரு கோடு இழுப்பாள்.

தேர்தலுக்குத் தேர்தல் வீட்டுக்கு மூன்று பூத் சீட்டு வரும். மூன்றாவதை மணிமாறன் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைப்பான். அப்போதெல்லாம் அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று வாய்வரை வரும். அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவாள்.

மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் இப்போது அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழனியம்மாள் பேனாவை மூடினாள். நோட்டோடு எழுந்து நின்றாள். அதிகாரியைப் பார்க்கவில்லை, புருசனைத்தான் பார்த்தாள்.

“ஏங்க, நம்ம புள்ள செத்து நாலு வருசமாச்சு. அவ பேரை எடுத்துரச் சொல்லுங்க.”