ஆண்டுவிழா கேசட்

“மாமா, இந்த ரெக்கார்டர்ல ஒரு பக்கம் வீடியோ கேசட், மறுபக்கம் டிஸ்க். பரண்ல கிடந்த உங்க ஆண்டுவிழாப் பேச்சை அப்படியே மாத்திடலாம்” என்றார் மாப்பிள்ளை.

ஓய்வுபெற்ற மேலாளருக்கு வியர்த்தது. துண்டுச் சீட்டுகூட இல்லாமல் பேசி, அரங்கத்தையே எழுந்து நின்று கைதட்ட வைத்த கதையை அவர் மாப்பிள்ளையிடம் சொல்லாத நாளில்லை.

“பழைய கேசட் மாப்பிள்ளை, மெஷின் கெட்டுடப் போகுது.”

“அதெல்லாம் கெடாது மாமா.”

பொத்தானை அழுத்தியதும், ஏதோ ஒரு சீரியலின் மருமகள் திரையில் விம்மி விம்மி அழுதாள். கேசட் தீரும்வரை அவள் ஓயவில்லை.

“ஐயோ, நான்தான் தெரியாம அதுமேல சீரியலைப் பதிஞ்சிட்டேன்!” என்றாள் மேலாளரின் மனைவி.

“சரித்திரத்தையே அழிச்சிட்டியேடி!” என்று வீடு அதிரக் கத்திவிட்டு, மேலாளர் சமையலறைக்குள் போனார். பின்னாலேயே வந்த மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

“நல்லவேளை, மானம் தப்பிச்சுது. அன்னைக்கு ‘அவையோரே’ன்னு ஆரம்பிச்சதோட எல்லாம் மறந்துபோச்சு. தண்ணியைக் குடிச்சிட்டு உக்காந்துட்டேன். நீ விழாவுக்கு வரலை, உனக்குத் தெரியாது.”

“ஏன் தெரியாது? கேசட் வந்த அன்னைக்கே போட்டுப் பார்த்துட்டேன். அதனாலதான் அதுமேல சீரியலைப் பதிஞ்சேன். போய் இன்னும் கொஞ்சம் கத்துங்க, மாப்பிள்ளை நம்பணும்.”