ஆறு மணிச் சூடு

பரணிதரன் வாங்கிய பழைய கார் மாலை ஆறு மணிக்கு மட்டும் சூடானது. அதுவும் எல்லா நாளும் இல்லை. பட்டறையில் நாள் முழுக்க ஓடவிட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. மெக்கானிக் கோதையால் அதை விட முடியவில்லை. மறுநாள் மாலை அவளே அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

பெரியவலசில் ஒரு பச்சை கேட்டை நெருங்கியதும் ரேடியேட்டர் விசிறி தானாக நின்றது.

"இந்த வண்டி ஓட்டறவங்க பழக்கத்த ஞாபகம் வெச்சுக்குமுங்க. நீங்க இங்க நிறுத்தப் போறீங்கன்னு நெனச்சுக்குது," என்றாள் கோதை. "முன்னாடி வெச்சிருந்தவரு தெனமும் இந்நேரத்துக்கு இங்க நிறுத்தியிருப்பாரு. நீங்க நிக்காம மேம்பாலம் ஏறுனா சூடாயிருது. அந்தப் பழக்கத்த அழிச்சுட்டா சரியாப்போயிரும்."

"அதான் வேற வழியா போற அன்னிக்கு சூடாகறதில்லீங்களா? அப்படி என்ன இருக்குது இங்க?"

பரணி வண்டியை ஓரங்கட்டினான். கோதை வண்டியின் திரையில் அந்தப் பழக்கத்தை அழிக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கேட் திறந்தது. ஊன்றுகோலை ஊன்றி, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஒருவர் அவசரமாக வந்தார்.

"இன்னிக்காச்சும் நின்னீங்களே! எஞ்சிநேகிதன் துரைசாமி செத்தப்புறமும் அவன் வண்டி நம்ம வாசல்ல வந்து சத்தத்த அடக்குதுங்க. நானும் ஒவ்வொருக்கா எந்திரிச்சு சட்டைய மாட்டிக்குவேன். வெளிய வர்றதுக்குள்ள போயிருது."

கோதை அழிக்கும் பொத்தானைத் தொடாமல் இறங்கி, முன் இருக்கையை அவருக்கு விட்டாள்.

"எங்கீங்க போகோணும்?" என்றான் பரணி.

அவர் வாயைத் திறப்பதற்குள் திரையில் வழி விரிந்தது: சூரம்பட்டி கேரம் கிளப், பத்து நிமிடம். விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியது.