ஐந்து மணிக்குள்

"எம்மக வாழ்க்கையே இதுக்குள்ளதாம்மா இருக்கு" என்று ராஜமுருகன் அந்தப் பழைய லேப்டாப்பை மேஜையில் வைத்தபோது மணி நாலேகால். மலைக்கிராமமான பூண்டியிலிருந்து பைக்கில் நேராக அஸ்ஃபியாவின் ரிப்பேர் கடைக்கு வந்திருந்தார்.

அஸ்ஃபியாவுக்கு அது பழகிய லேப்டாப். போன வருடம் அவர் மகள் தமிழ்மதி கொண்டுவந்து கீபோர்டு மாற்றிப் போனாள். பேட்டரி அப்போதே செத்துவிட்டது. கரண்டு இருக்கும்வரைதான் அது ஓடும்.

"என்னாச்சுண்ணே?"

"உசுரே வரலம்மா. இஞ்சினியரிங் கவுன்சிலிங். எந்தெந்தக் காலேஜ் வேணும்னு போட இன்னைக்கு அஞ்சு மணிதான் கடைசி."

"அதுக்கு எதுக்குண்ணே இது? பிரவுசிங் சென்டர்ல அஞ்சு நிமிசத்துல முடிச்சிரலாமே."

"பாஸ்வேர்டு இதுலதான் சேவ் ஆகிக் கெடக்கு."

"தமிழ்மதிகிட்டக் கேளுங்க."

"அவளுக்கு மறந்துபோச்சாம்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "வெரசா பாரும்மா."

பின்மூடியைக் கழற்றினாள். சார்ஜர் செருகும் இடத்திலிருந்து போர்டுக்குப் போகும் கனெக்டர் உடைந்து கிடந்தது. அதன் இரண்டு வயரும் துண்டாகியிருந்தன.

"எலியா இருக்கும்" என்றார். "பூண்டு மூட்டைக்குப் பக்கத்துலதான் வச்சிருப்பா."

எலி கடித்தால் பிசிறு இருக்கும். இந்த வெட்டு நேராக இருந்தது. அதை யோசிக்க இப்போது நேரமில்லை.

"கனெக்டர் மதுரையிலருந்து வரணும். ரெண்டு நாளாகும்."

"ரெண்டு நாள் கழிச்சு இத வச்சு அடுப்புக்கு முட்டுக் குடுக்கவா?"

"அப்ப வயரை நேரா போர்டுலயே பத்தவைக்கணும். கை பிசகுச்சுன்னா போர்டே போயிரும். பெறகு என்னைய வையக்கூடாது."

"வையல. பத்தவையி."

சூடேறிய சால்டரிங் அயர்னை எடுத்தபோது, மேஜையில் கவிழ்ந்து கிடந்த அவள் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"எங்க அத்தாவா இருக்கும்" என்றாள்.

"அப்புறம் பேசிக்கலாம். சோலியப் பாரு தாயி."

முதல் வயர் ஒட்டியது. இரண்டாவது வழுக்கியது. ஈயம் பக்கத்துப் புள்ளியில் படப் போனதை ஊதி நிறுத்தினாள். ராஜமுருகன் மூச்சே விடவில்லை. போன் மட்டும் விடாமல் அதிர்ந்தது.

நாலு ஐம்பதுக்கு நீல விளக்கு எரிந்தது.

"சாமி!" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூடியைக்கூட மாட்ட விடவில்லை. ஒற்றை விரலால் தட்டிக் கவுன்சிலிங் பக்கத்துக்குள் போய்விட்டார்.

அஸ்ஃபியா போனைத் திருப்பினாள். ஒரே நம்பரிலிருந்து பதினொரு அழைப்பு. அவள் அப்பா நம்பர் இல்லை. வாசலுக்கு வந்து அந்த நம்பரைக் கூப்பிட்டாள். மேகம் இறங்கி எதிர்க்கடையே தெரியவில்லை.

"அக்கா, நான் தமிழ்மதி. அப்பா அங்க வந்தாரா?"

"வந்திருக்காரு. பயப்படாத, சரிபண்ணிட்டேன்."



"ஐயோ அக்கா... கனெக்டர ஒடச்சு வயரை நறுக்குனதே நான்தான். நான் போட்ட காலேஜையெல்லாம் அழிக்கத்தான் தூக்கிட்டு வந்திருக்காரு. நான் போயிட்டா பூண்டுக் காட்ட யாரு பாக்குறதுன்னு நிக்கிறாரு. அஞ்சு மணி தாண்டிட்டா நான் போட்டது அப்படியே நின்னுரும்க்கா."

அஸ்ஃபியா திரும்பிப் பார்த்தாள். திரையில் காலேஜ் பட்டியல் காலியாக இருந்தது. அதை உறுதிசெய்ய ஓடிபி கேட்டு ஒரு பெட்டி நின்றது. மேஜையில் ராஜமுருகனின் போன் 'டிங்' என்றது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "நாலு... ஒம்போது... ரெண்டு..."

மணி நாலு ஐம்பத்தாறு. கடையின் மெயின் சுவிட்ச் வாசல் நிலையை ஒட்டித்தான் இருந்தது.

சட்டென்று கடை இருண்டது.

"கரண்டு போயிருச்சுண்ணே."