கட்டில் தேரை

சூசையின் குறட்டைக்கு ஒருகாலத்தில் நாலு தெரு ஓடுகள் நகரும். இதய அறுவைக்குப் பிறகு மனுஷன் சத்தமில்லாமல் தூங்க, மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே அமலோற்பவம் பாதியாகிப்போனாள். மனசைத் திருப்பத்தான் தவளைக் குரல்களைக் கேட்டு அடையாளம் காணப் பழகினாள். இப்போது குளத்தில் அவளுக்குத் தெரியாத தொண்டையே கிடையாது. மழை பெய்த ஒரு மதியம், ஜன்னலோரம் நின்று பதிவுசெய்த குளத்துச் சத்தத்தை, தவளைக் குரல் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். குழுத்தலைவர் போனில் பாய்ந்தார்.

"அக்கா, பின்னாடி கொர்ருன்னு ஒரு தேரை! நான் கேட்டதே இல்ல. எங்க இருக்கு?"

தேரையா? அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என் கட்டில்லதான் தம்பி."

"ஐயோ, விரட்டிடாதீங்க!"

"மாதாவே, விரட்டுவேனா!" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேரையின் கால்களைப் போர்வையால் மூடினாள்.