பள்ளிக்கூடம் பார்க்காத பெண்

"பரிந்துரைக் கடிதமா?" செத்த பல்லியைத் தூக்குவதுபோல விண்ணப்பத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார் தலைமையாசிரியர்.

"ஆமா சார். அப்பா எழுதினா செல்லாதாம். தலைமையாசிரியர் யாராவது எழுதணுமாம். நாளைக்குக் கடைசி நாள்," என்று நெளிந்தார் பெண்ணின் அப்பா.

தலைமையாசிரியருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. வசமாக மாட்டினான்!

"பொண்ணைப் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடாம வீட்டுலயே படிக்க வச்சீங்க. காலேஜ்னு வந்ததும் பள்ளிக்கூடம் இனிக்குதாக்கும்?"

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இங்க இத்தனை வாத்தியாருங்க இருக்காங்களே, ஒருத்தர்கூடவா உங்க கண்ணுக்கு வாத்தியாராத் தெரியல?"

"எல்லாரையும் நல்லாத் தெரியும் சார். அதனாலதான் அனுப்பல."

தலைமையாசிரியருக்குச் சுருக்கென்றது. "அப்ப எங்களை நம்பிப் பிள்ளைங்களை அனுப்புறவங்கல்லாம் முட்டாளுங்களா?"

பதில் வருவதற்குள் மணி அடித்தது. அப்பா பரபரவென்று எழுந்து, மேசை மேலிருந்த சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டார்.

"வந்து சொல்றேன் சார். பத்தாம் வகுப்புக்கு இப்ப நான்தான் கணக்குப் பாடம் எடுக்கணும்."